சித்தியின் செயின் எந்தக் கணக்கில் இருக்கிறது? குற்ற விகிதமும் பாதிக்கப்பட்டவருக்கான உதவியும்

விடியற்காலையில் வாசல் தெளித்துவிட்டுக் கோலம் போடக் குனிந்த எங்கள் சித்தியின் கழுத்திலிருந்து, பைக்கில் வந்த இரண்டு பேர் செயினை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றரைப் பவுன். கழுத்தில் கீறல், முழங்கையில் சிராய்ப்பு. சித்தப்பா அன்றைக்கே ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்ப் புகார் கொடுக்க வைத்தார். ஒரு ரசீது தந்தார்கள். நான்கு மாதம் கழித்து நான் வேலூருக்குப் போனபோது, ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருந்த அந்தத் தாளை சித்தி எடுத்துக் காட்டினார். "கேஸ் ஆயிடுச்சுப்பா, சீட்டு பத்திரமா வச்சிருக்கேன்" என்றார்.

அது மனு வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது. வழக்குப் பதிவானதைக் காட்டும் எஃப்.ஐ.ஆர். இல்லை.

இந்த இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால், 'நாட்டில் குற்றங்கள் அதிகரிப்பு' என்று பேப்பரில் வரும் செய்தியை எப்படிப் படிப்பது என்பதும் புரிந்துவிடும். பாதிக்கப்பட்டவருக்கு எங்கே என்ன உதவி கிடைக்கும் என்பதிலும் பாதி புரிந்துவிடும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சித்தியோடு அலைந்த பிறகுதான், இரண்டும் ஸ்டேஷன் எழுத்தரின் அதே மேஜையில் ஆரம்பிக்கின்றன என்று தெரிந்தது.

ஒரு புகார் எப்படி எண்ணாகிறது

நாடு முழுவதும் பதிவாகும் குற்றங்களைத் தொகுத்து வெளியிடுவது டெல்லியில் உள்ள தேசிய குற்ற ஆவணக் காப்பகம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1986-இல் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் ஆண்டறிக்கை அதைவிட மூத்தது. முதல் அறிக்கை 1953-ஆம் ஆண்டைப் பற்றியது. காப்பகத்திலிருந்து யாரும் தெருத்தெருவாக வந்து 'உங்கள் வீட்டில் திருட்டுப் போனதா?' என்று கேட்பதில்லை. குடியாத்தத்திலோ காட்பாடியிலோ ஒரு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டால் அது கணினியில் ஏறுகிறது. அங்கிருந்து மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம், அப்புறம் சென்னையில் மாநிலக் காப்பகம், அப்புறம் டெல்லி. முதல் படியில் ஏறாத புகார் மற்ற எந்தப் படிக்கும் போகாது. ஆகவே அந்த வருட அறிக்கையைப் பொறுத்தவரை, சித்தியின் கழுத்திலிருந்து யாரும் எதையும் பறிக்கவே இல்லை.

சரி, விகிதம் என்றால் என்ன? ஒரு வருடத்தில் பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்கினால் வருவது. 2022-இல் இந்தியாவில் 58,24,946 வழக்குகள் பதிவாயின. லட்சம் பேருக்கு 422.2. அதற்கு முந்தைய ஆண்டு 445.9. 2023-இல் 448.3. இந்த 2023 அறிக்கை வெளிவந்ததே 2025 செப்டம்பர் கடைசியில்தான். நாம் சூடாக விவாதிக்கும் எண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயது ஆகியிருக்கும்.

422 என்றால் லட்சம் பேரில் 422 பேர் குற்றவாளிகள் என்று பொருள் இல்லை. 422 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்றும் பொருள் இல்லை. எண்ணப்படுவது வழக்கு. ஒரே வழக்கில் பத்துப் பேர் பணத்தை இழந்திருக்கலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு மட்டும் வகுக்கும் எண்ணே வேறு: பெண்களின் மக்கள்தொகை. 2022-இல் 4,45,256 வழக்குகள், லட்சம் பெண்களுக்கு 66.4. இந்த 66-ஐயும் அந்த 422-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு.

எங்கள் மாவட்டத்தை வைத்தே சொல்கிறேன்

விகிதம் ஏன் வேண்டும் என்பதை விளக்க வேலூரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எங்கள் தாத்தாவுக்கு இது வட ஆற்காடு. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பர் 28-ஆம் தேதி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றாக இருந்த வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39 லட்சம். பிரிந்த பிறகு வேலூருக்கு மிஞ்சியது சுமார் 16 லட்சம்.

இப்போது ஒரு பேச்சுக்கு, பிரிவதற்கு முன் மாவட்டத்தில் வருடத்துக்கு 7,800 வழக்குகள், பிரிந்த பின் 4,000 வழக்குகள் என்று வைத்துக்கொள்வோம். (புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை.) 'வேலூரில் குற்றம் பாதியாகக் குறைந்தது' என்று ஒருவர் மேடையில் பேசலாம், கைதட்டலும் கிடைக்கும். வகுத்துப் பாருங்கள்: முன்பு லட்சத்துக்கு 200, இப்போது 250. கூடியிருக்கிறது! மாவட்டம் சுருங்கியதைக் குற்றம் சுருங்கியதாகக் காட்டும் தவறு இது. 2019-க்கு முந்தைய வேலூர் எண்ணையும் பிந்தைய எண்ணையும் நேராக ஒப்பிடும் எதையும் நம்பாதீர்கள்.

வகுக்கும் எண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பு முடிந்து எண் வராததால், அந்தப் பழைய எண்ணை வைத்துக் கணித்த மக்கள்தொகையால்தான் வகுக்கிறார்கள். அதோடு வேலூருக்கே உரிய இன்னொரு சங்கதி. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் லாட்ஜில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு தினமும் கூட்டம். அவர்களிடம் பறிபோனது வேலூர் ஸ்டேஷனில் வழக்கானால் மேலே உள்ள எண்ணில் சேரும். ஆனால் கீழே வகுக்கும் மக்கள்தொகையில் அவர்கள் இல்லை. வந்துபோகிறவர்கள் அதிகமுள்ள எந்த ஊரின் விகிதமும் இப்படிக் கொஞ்சம் உயர்ந்தே தெரியும். இதற்கு நேர்மாறாக, காட்பாடியில் ரயிலுக்குள் போன செல்போன் ரயில்வே போலீஸ் கணக்கில் சேரும், மாவட்டப் போலீஸ் கணக்கில் வராது.

எண் ஏறினால் குற்றம் ஏறியதா?

2019-இல் 385.5 ஆக இருந்த தேசிய விகிதம் 2020-இல் 487.8 ஆனது. ஒரே வருடத்தில் வழக்குகள் 28 சதவீதம் கூடிவிட்டன. ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த வருடம் அது. திருட்டு, வழிப்பறி எல்லாம் குறைந்திருந்தன. பிறகு எது கூடியது? அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியது என்ற, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. 2019-இல் அந்தப் பிரிவில் 29,469 வழக்குகள், 2020-இல் 6,12,179. பால் வாங்கப் போனவர், முகக்கவசம் போடாதவர், வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நாடு கெட்டுப்போனது என்றோ திருந்திவிட்டது என்றோ சொல்ல முடியாது. எந்த வகைக் குற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் முதலில் தேடிப் பார்ப்பது கொலை எண்ணிக்கையை. செயின் பறிப்பை 'காணவில்லை' என்று எழுதிவிடலாம், அடிதடியை ஸ்டேஷனிலேயே பேசி அனுப்பிவிடலாம். ஒரு பிணத்தை அப்படி மறைப்பது கடினம். 2022-இல் 28,522 கொலை வழக்குகள், 2023-இல் 27,721. மொத்த விகிதம் ஏறிய அதே ஆண்டில் கொலை குறைந்திருக்கிறது.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே எஃப்.ஐ.ஆரில் பல பிரிவுகள் இருந்தால், இருப்பதில் பெரிய தண்டனை எதற்கோ அந்தக் குற்றம் மட்டும்தான் எண்ணப்படும். வீடு புகுந்து கொள்ளையடித்து ஒருவரைக் கொன்றுவிட்டால் அது கொலைக் கணக்கில் ஒன்று. கொள்ளைக் கணக்கில் வராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், வழக்காகவே ஆகாதவை. குற்றம் கூடுவது வேறு, குற்றத்தைப் பதிவு செய்வது கூடுவது வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. நேர்மையாக எஃப்.ஐ.ஆர். போடும் மாநிலம் அறிக்கையில் மோசமாகத் தெரியும். ரசீதோடு திருப்பி அனுப்பும் மாநிலம் அமைதிப் பூங்காவாகத் தெரியும். குடும்பத்துக்குள் நடப்பதை எடுத்துக்கொண்டால் இன்னும் மனம் கனக்கும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 29.3 சதவீதம் பேர் கணவனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்தித்த பெண்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அதிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு, போலீசுக்கு இல்லை. லட்சம் பெண்களுக்கு 66 என்ற எண்ணைப் படிக்கும்போது இந்த 29 சதவீதத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசீதும் எஃப்.ஐ.ஆரும்

சி.எஸ்.ஆர். என்பது 'உங்கள் மனு வந்து சேர்ந்தது' என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். விலாசம் விசாரிக்கவோ அக்கம்பக்கத்துச் சண்டையைப் பேசித் தீர்க்கவோ அது போதும். செயின் பறிப்பு, திருட்டு, பலத்த காயம் உண்டாக்கும் தாக்குதல், பாலியல் வன்கொடுமை மாதிரி, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை அழுத்தமாகச் சொன்னது. குடும்பத் தகராறு, பண விவகாரம் மாதிரி சிலவற்றில் மட்டும் முன்விசாரணை செய்துகொள்ளலாம், அதுவும் குறுகிய காலத்துக்குள் என்றது; இப்போதைய சட்டத்தில் மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனையுள்ள குற்றங்களிலும் 14 நாளுக்குள் முன்விசாரணை செய்ய இடம் இருக்கிறது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173-ஆம் பிரிவு இதற்கானது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் வங்காளக் குடும்பம், மொழி தெரியாமல் இங்கே தவிப்பதற்குப் பதில், தங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே கொடுத்தால் அது இங்கே வந்து சேர வேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்.

சித்தியின் பழைய மனுவைப் படித்துப் பார்த்தேன். ஸ்டேஷன் வாசலில் யாரோ எழுதிக் கொடுத்தது. 'எனது செயின் காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தரும்படி' என்று இருந்தது. இழுத்தது, கீழே விழுந்தது, ரத்தம் வந்தது எதுவும் இல்லை! ஒரு வார்த்தையில் பறிப்பு தொலைப்பாக மாறிவிட்டது. மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நடந்த நாள், நேரம், இடம், எத்தனை பேர், என்ன செய்தார்கள், எங்கே காயம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

உதவி எங்கே இருக்கிறது

முதல் இடம் ஆஸ்பத்திரி. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தாலுகா ஆஸ்பத்திரியோ, அடிபட்டுப் போனால் டாக்டர் 'எப்படி ஆச்சு?' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறார்களே, அது இதிலிருந்துதான். கணவன் அடித்ததை மறைத்து 'படியில் வழுக்கி விழுந்துட்டேன்' என்று எத்தனை பெண்கள் அந்த இடத்தில் சொல்லிவிடுகிறார்கள்! ஆறு மாதம் கழித்து வழக்கு என்று வரும்போது அந்த ஒரு வரி அவர்களுக்கே எதிராக நிற்கும். தயவுசெய்து டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் என்று எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும். 'முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா' என்று நிறுத்தி வைக்க முடியாது.

இரண்டாவது, ஒருங்கிணைந்த சேவை மையம். சகி என்று பெயர். நிர்பயா நிதியில் 2015-இல் தொடங்கிய திட்டம், மாவட்டந்தோறும் இருக்கிறது. வன்முறைக்கு ஆளான பெண் அங்கே போனால் ஆலோசனை, மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட உதவி, ஐந்து நாள் வரை தங்கும் இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். உள்ளே போக எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. 181-ஐக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். குழந்தைகளுக்கு 1098, எந்த ஆபத்துக்கும் 112.

எனக்கு இதிலெல்லாம் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தப் பலகையை நின்று படித்ததே இல்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். 'வக்கீலுக்கு எங்கே போறது' என்று நான்கு மாதம் பேசாமல் இருந்த சித்தப்பாவுக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். தொலைபேசியில் 15100.

இழப்பீடும் இதே ஆணைக்குழு வழியாகத்தான். சன்ஹிதாவின் 396-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 357ஏ. குற்றவாளி யாரென்றே தெரியாமல் போனாலும், வழக்கு கோர்ட்டுக்கே வராமல் நின்றாலும், பாதிக்கப்பட்டவர் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். இந்தப் பணம் அரசு தருவது, குற்றவாளி கட்டும் அபராதம் இல்லை. பெண்களுக்கான 2018-ஆம் ஆண்டுத் தேசியத் திட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம், உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம் என்று வரையறுத்திருக்கிறார்கள். பறிபோன நகைக்கு ஈடுகட்டும் திட்டம் இல்லை இது. சித்திக்கு அதைச் சொன்னபோது முகம் வாடித்தான் போனது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி நிவாரணம் உண்டு. 2016 விதித் திருத்தத்தின்படி குற்றத்தைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை. பல குற்றங்களில் ஒரு பகுதி எஃப்.ஐ.ஆர். போட்டதுமே கொடுக்கப்பட வேண்டும், அடுத்தது குற்றப்பத்திரிகையின்போது, மிச்சம் தண்டனை விதிக்கப்பட்டதும். எஃப்.ஐ.ஆர். எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ அத்தனை நாள் இந்தப் பணமும் தள்ளிப்போகும். எந்தப் பிரிவில் வழக்குப் போட்டார்கள் என்பதும் அப்படித்தான்: வெறும் அடிதடிப் பிரிவில் போட்டால் இந்த நிவாரணம் வராது.

குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் தெளிவு. போலீஸ் சீருடையில் வரக்கூடாது, குழந்தை இருக்கும் இடத்துக்கு வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், வழக்கு முடியும்வரை துணைக்கு ஒருவரை நியமிக்கலாம்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால் மட்டும் வரிசை மாறும். ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்போதுதான் அதை முடக்க முடியும். அந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் போனால் பெரும்பாலும் போனதுதான். ஆனால் 1930-இல் கிடைக்கும் எண்ணும் ஒரு ரசீது மாதிரிதான், அது தானாக எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. 2023-இல் இப்படி நாடு முழுக்க வந்த சைபர் புகார்கள் 15 லட்சத்துக்கும் மேல். காப்பகத்தின் அறிக்கையில் அந்த ஆண்டின் சைபர் வழக்குகள் 86,420.

சித்தியின் புகாரை ஆணைக்குழு வக்கீல் உதவியோடு புதிதாக எழுதினோம். 'இழுத்துப் பறித்தார்கள், கீழே விழுந்து காயப்பட்டேன்' என்று இந்தத் தடவை தெளிவாக இருந்தது. ஏ.ஆர். காப்பியை இணைத்து எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்றாவது வாரம் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு எஃப்.ஐ.ஆர். நகலைக் கொடுத்தார்கள். செயின் இன்னும் கிடைக்கவில்லை. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். சித்தி சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.